நான் வெட்டச் சொன்ன மாமரம்

போன மாதம் எனக்கு அலுவலகத்தில் பிரிவு உபசாரம் நடத்தினார்கள். திருவனந்தபுரத்தில் வீடுகளைக் கட்டியும் புதுப்பித்தும் கொடுக்கிற அந்த அலுவலகத்தில் நான் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். கட்டடம் என் வேலை இல்லை. கட்டட வேலை நடக்கும் இடத்தில் நிற்கிற மரங்கள்தான் என் வேலை. புதிதாகச் சேர்ந்த பொறியாளர் ஒருவர் மைக்கைப் பிடித்து, "சிவகாமி மேடம் இருந்தவரைக்கும் ஒரு மரத்தையும் யாரும் தொட முடியாது" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டே பொன்னாடையை வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சேலை மாற்றும்போதுதான் அந்தப் பேச்சு உறுத்தியது. அது உண்மை இல்லை. நான் வெட்டச் சொன்ன மரங்கள் உண்டு. அவற்றில் ஒன்று, ஆறு மாதம் நானே வேலி போட்டுக் காவல் காத்த மரம்.

அடுத்த வாரம் அதே பொறியாளர் போன் செய்தார். வீடு புதுப்பிக்கும்போது முன்முற்றத்து மரங்களை எப்படிப் பார்ப்பது, எப்படிக் காப்பது என்று எழுதித் தரவேண்டும், புதியவர்களுக்குக் கொடுக்க என்றார். அளவுகளும் செய்முறையும் ஒரு பக்கத்தில் அடங்கிவிட்டன. எழுதி அனுப்பியாயிற்று. அந்தப் பக்கத்தில் அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

என் அப்பா ஆரியசாலைக் கடைத்தெருவில் சாக்கும் கயிறும் மொத்தமாக விற்றவர். நாஞ்சில் நாட்டிலிருந்து வந்த குடும்பம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், இரண்டையும் கலந்து தெருவில். எங்கள் சந்தில் மரம் என்று ஒன்று கிடையாது; சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். விவசாயப் படிப்பில் சேர்ந்தது மரத்தின் மேல் ஆசைப்பட்டு இல்லை, என் மார்க்குக்கு அதுதான் கிடைத்தது. நாலு வருடப் படிப்பு, பிறகு ஒரு நாற்றுப் பண்ணையில் இரண்டு வருடம். அங்கிருந்து இந்த அலுவலகம். தொழில் கற்றது இங்கேதான், குரியன் சாரிடம்.

குரியன் சார் அலுவலகத்தின் தலைமைக் கட்டடக் கலைஞர். நல்ல உயரம், ஒல்லி. வெள்ளை முழுக்கைச் சட்டை, கையை மடக்கவே மாட்டார். அந்தச் சட்டையோடு ஈர மண்ணில் முழங்கால் போட்டு உட்காருவார். எந்த வீட்டுக்குப் போனாலும் உடனே உள்ளே போகமாட்டார். வீட்டுக்காரர்கள் காபியோடு வெளியே வருவார்கள். டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு மரத்தை மூன்று சுற்றுச் சுற்றுவார். முதல் சுற்றில் கிளைகளை மட்டும் பார்ப்பார். எங்கே இலை குறைந்திருக்கிறது, எந்தக் கிளை காய்ந்திருக்கிறது, பாரம் எந்தப் பக்கம் போகிறது என்று. இரண்டாம் சுற்றில் அடிமரம். தேக்குக் கட்டையில் செய்த சின்னச் சுத்தியல் ஒன்று வைத்திருந்தார். முட்டியளவு உயரத்தில் தொடங்கி, கை எட்டுகிற வரை தட்டிக்கொண்டே வருவார். உள்ளே பொந்து இருந்தால் சத்தம் சட்டென்று மாறும். மூன்றாம் சுற்றில் தரையைப் பார்ப்பார். அப்போது யாரும் பேசக்கூடாது. வீட்டுக்காரர் பேசினால் கையை மட்டும் உயர்த்துவார். காபி ஆறிப்போயிருக்கும். ஆறின காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "சரி, இனி வீட்டைப் பார்க்கலாம்" என்பார்.

அவர் பேசியது மலையாளம். நான் பதில் சொன்னது அதில் பாதி, தமிழ் பாதி. அவருக்குப் புரிந்தது, அதற்கு மேல் அவர் கவலைப்பட்டதில்லை.

நான் சேர்ந்த முதல் வாரம் சாஸ்தமங்கலத்தில் ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனார். வாசலில் ஒரு பலா. இலையெல்லாம் வெளிறி, உச்சிக் கிளைகள் மொட்டையாக நின்றன. "என்ன தெரிகிறது?" என்று கேட்டார். படித்ததை எல்லாம் கொட்டினேன். பூஞ்சை, சத்துக் குறைவு, என்ன மருந்து, எத்தனை மில்லி. அவர் முழுக்கக் கேட்டார். பிறகு ஒரு களைக்கொத்தைக் கொடுத்து, "மரத்தின் அடியைக் காட்டு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அடி கண்ணுக்கு முன்னால்தானே இருக்கிறது என்று நினைத்தேன். தோண்டத் தோண்ட மரம் மின்கம்பம் மாதிரி நேராகக் கீழே போய்க்கொண்டே இருந்தது. இரண்டடி ஆழத்தில்தான் வேர் விரியும் இடம் தெரிந்தது. நாலு வருடத்துக்கு முன்பு வீட்டுக்கு மாடி எடுத்தபோது, இடித்த மண்ணையும் செங்கல் தூளையும் முற்றத்தில் நிரவி மேடாக்கியிருக்கிறார்கள். மரம் அன்றிலிருந்து மூச்சுவிட முடியாமல் நின்றிருக்கிறது. நாலு நாள், ஆட்களை வைத்து, மண்வெட்டி படாமல் கையாலேயே அந்த மண்ணை எடுத்தோம். அடுத்த மழைக்கு உச்சியில் தளிர் வந்தது. அந்த வீட்டுக்காரர் எனக்கு ஒரு சக்கைப்பழம், அந்த மரத்துப் பலாப்பழம், கொடுத்தனுப்பினார். அதற்குப் பிறகு எந்த மரத்திலும் நான் முதலில் பார்ப்பது வேர் விரியும் இடம் வெளியே தெரிகிறதா என்பதைத்தான்.

அறிக்கை விஷயத்தில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மூன்று பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. வீட்டுக்காரர் வீட்டில் பேசுகிற மொழியில் இருக்கவேண்டும். எழுதியவரே அதை மரத்தடியில் நின்று வீட்டுக்காரருக்கு உரக்க வாசிக்கவேண்டும். "அங்கே நின்று வாசிக்கக் கூச்சமாக இருந்தால், எழுதியதில் எங்கோ தப்பு இருக்கிறது" என்பார். எனக்குக் கூச்சமாக இருந்த சமயங்கள் உண்டு. அந்த அறிக்கைகளைத் திருத்தித்தான் கொடுத்தேன்.

செய்முறை என்று பார்த்தால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அடிமரத்தின் குறுக்களவில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஓரடி என்று சுற்றிலும் இடம் விடவேண்டும் என்பது கணக்கு. இரண்டடிப் பருமனுள்ள மரத்துக்கு இருபத்துநாலு அடி. திருவனந்தபுரத்தில் ஐந்து சென்ட், ஆறு சென்ட் வீடுகளில் அந்த இடத்துக்கு எங்கே போவது? அதனால் கணக்கைப் பிடித்துத் தொங்காமல், வேர் உண்மையில் எங்கே போகிறது என்று கையால் தோண்டிப் பார்ப்போம். இங்கே செம்மண்ணுக்குக் கீழே வெட்டுக்கல் என்கிற செம்பாறை. வேர் ஆழமாக இறங்காது, பக்கவாட்டில் ஓடும். முக்கால்வாசி வேர் முதல் ஒன்றரை அடிக்குள்ளேயே இருக்கும். அதன் மேல் சிமெண்ட் மூட்டை அடுக்குவதும், லாரி ஏற்றுவதும், கலவைச் சட்டியைக் கழுவி ஊற்றுவதும்தான் மரத்தைக் கொல்கிறது. கோடாரியால் செத்த மரங்களை விட அப்படிச் செத்த மரங்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஒரு ஒப்பந்தக்காரர் என்னிடம், "மேடம், ஒரு வேருதானே, ஆயிரம் வேர் இருக்கும்" என்று சொன்னார். கார் நிறுத்தும் கூரைக்குத் தூண் குழி வெட்டும் இடத்தில், தொடையளவு வேர் ஒன்று குறுக்கே வந்திருந்தது. நான் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கி நின்றேன். தூணை இரண்டடி தள்ளிப் போடும்வரை ஏறமாட்டேன் என்றேன். அவர் குரியன் சாருக்குப் போன் செய்தார். சார் கேட்ட ஒரே கேள்வி, "சிவகாமி இன்னும் குழியில்தான் இருக்கிறாரா? அப்படியென்றால் தூணைத் தள்ளிப் போடுங்கள்." அந்தத் தூண் இன்றைக்கும் தள்ளித்தான் நிற்கிறது. கூரைக்கு ஒன்றும் ஆகவில்லை.

இப்படிப் பத்திருபது வருடம் போனது. குரியன் சார் ஓய்வு பெற்றுக் கோட்டயத்தில் மகனோடு இருக்கப் போய்விட்டார். மரம் சம்பந்தமாகக் கடைசிக் கையெழுத்து என்னுடையது என்றானது. நான் எடுத்துச் செய்த வேலையில் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை. ஜகதிப் பகுதியில் அந்த வீட்டு வேலை அப்படி ஒரு காலத்தில்தான் வந்தது.

வீட்டுக்காரர் விஸ்வநாதன், காப்பீட்டு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவி லதா, கணக்கு டீச்சராக இருந்தவர். இருவரும் கோட்டைப் பக்கத்து அக்ரஹாரத் தெருக்களில் பிறந்து வளர்ந்தவர்கள். கல்யாணம் ஆனதும் ஜகதியில் இந்த இடத்தை வாங்கி வந்திருக்கிறார்கள், முற்றத்தில் அந்த மாமரம் நின்றதால். லதா டீச்சருக்கு இடுப்பெலும்பு தேய்ந்து, மாடியிலிருந்த அறைக்கு ஏறி இறங்குவது பெரும்பாடாகிவிட்டது. கீழே ஒரு படுக்கை அறை, அதோடு சேர்ந்த குளியலறை, வாசல் வரை சரிவான நடைபாதை, இதுதான் வேலை.

மரம் கோட்டுக்கோணம் என்கிற ஜாதி மா. இந்த ஊர்க்காரர்களுக்கு அந்தப் பழத்தின் இனிப்பைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அடிமரம் இரண்டடிப் பருமன், தட்டிப் பார்த்ததில் எங்கும் பொந்து இல்லை, இலை அடர்த்தி, வேர் விரியும் இடம் சுத்தமாக வெளியே. ஒன்றே ஒன்றுதான் கவனிக்க வேண்டியது. மரம் கிழக்கே சாய்ந்திருந்தது. கிழக்கு மதிலுக்கு அந்தப் பக்கம் ஷைலஜா என்ற பெண் கோடையிலும் விடுமுறை இல்லாமல் நடத்திய குழந்தைகள் பள்ளி. இரண்டு அறை, ஒரு சின்ன முற்றம். பிள்ளைகள் விளையாடியது முழுக்க இந்த மரத்தின் நிழலில்தான். பழுத்த மாம்பழம் விழும் சத்தம் கேட்டதும் அவர்கள் ஓடுவது மதிலுக்கு இந்தப் பக்கம் கேட்கும்.

சாய்ந்த மரத்தைப் பிடித்து நிறுத்துவது சாய்வுக்கு எதிர்ப்பக்கத்து வேர்கள். கூடாரத்தை இழுத்துக் கட்டிய கயிறு மாதிரி. இந்த மரத்துக்கு அது மேற்குப் பக்கம். ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழையில் காற்று கடலிலிருந்து வருவதும் மேற்கிலிருந்துதான். ஆகவே மேற்குப் பக்க வேர் ஒன்றுகூடச் சேதப்படக்கூடாது என்று அறிக்கையில் தடித்த எழுத்தில் எழுதினேன். புதுக் குளியலறையின் கழிவுக் குழாய் முற்றத்தைக் கடந்து கேட்டின் அருகே இருந்த தொட்டிக்குப் போகவேண்டும். நேராகப் போனால் மரத்துக்கு மேற்கே நாலடியில் போகும். நான் அதை மேற்கு மதிலை ஒட்டிச் சுற்றிக் கொண்டுபோகச் சொன்னேன். வெட்டுக்கல்லை உடைக்கவேண்டும், பழைய தரையைப் பெயர்க்கவேண்டும், ஒரு வாரம் கூடுதலாகும். விஸ்வநாதன் சம்மதித்தார். மரத்தடியில் நின்று வாசித்தபோது லதா டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார்.

"அப்போ காப்பாத்தித் தந்துடுவேள்?" என்றார்.

"தந்திருவேன் டீச்சர்" என்றேன்.

மூங்கில் நட்டு, தகரம் அடித்து, மரத்தைச் சுற்றி வேலி போட்டோம். அடிமரத்துக்குச் சாக்கைச் சுற்றி, அதன் மேல் மரச்சட்டங்களைக் கட்டினோம். மலையாளம், தமிழ், இந்தி, வங்காளம் நாலிலும் பலகை எழுதி வைத்தேன். வேலை பார்த்த ஆட்கள் அந்த நாலு மொழிக்காரர்கள். வாரம் இரண்டு தடவை போய்ப் பார்ப்பேன். ஆறு மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மே மாதத் தொடக்கத்தில் என் அக்கா மகள் கல்யாணத்துக்காக நாகர்கோவிலுக்கு மூன்று நாள் போனேன்.

திரும்பி வந்து பார்த்தபோது வேலி அப்படியே இருந்தது. பலகையும் நேராக நின்றது. வேலிக்குள் தரைதான் சரியில்லை. மாவிலைச் சருகு எப்போதும் அங்கங்கே குவிந்தும் கலைந்தும் கிடக்கும். அன்று ஒரே சீராகப் பரப்பியிருந்தது. நான் வேலியைத் திறந்து உள்ளே போய் முட்டி போட்டுக் கையை மண்ணில் வைத்தேன். மணிக்கட்டு வரை உள்ளே போனது. ஆறு மாதமாக யாரும் தொடாத மண் அப்படிப் போகாது.

வேலையை மேற்பார்த்த சஜி தூரத்தில் நின்றுகொண்டிருந்தான். கூப்பிட்டதும் வந்தான், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"குழாய் எது வழியாப் போகுது சஜி?"

"மேடம்..."

"சொல்லு."

"நேரே போயி மேடம். சார் பறஞ்ஞிட்டாணு." வீட்டுக்கார சார் சொல்லித்தான் நேராகப் போட்டோம் என்றான்.

அவன் சொன்னது இவ்வளவு. நான் நாகர்கோவில் போன அன்று லதா டீச்சர் மாடிக் குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறார். உடனே ஆபரேஷன். பத்து நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம், மாடி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கீழே குளியலறை தயாராகவேண்டும். விஸ்வநாதன் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்து, குழாயை நேராகவே போடச் சொல்லியிருக்கிறார். ஒரு பக்கத்துத் தகரத்தைக் கழற்றி, சின்ன ஜேசிபியை விட்டு, ஒரு மத்தியானத்தில் வெட்டி மூடிவிட்டார்கள்.

நான் சஜியைத் திட்டவில்லை. களைக்கொத்தை எடுத்துவரச் சொன்னேன். அவனும் நானும் இரண்டு ஆட்களும் அந்தப் பள்ளத்தைக் கையால் திரும்பத் திறந்தோம். ஏழு வேர்கள். மணிக்கட்டுப் பருமனுக்குக் குறைந்தது ஒன்றுகூட இல்லை, இரண்டு என் தொடையளவு. எல்லாம் இயந்திரப் பல்லில் சிக்கி நார்நாராகக் கிழிந்திருந்தன. மேற்குப் பக்கத்தில் மரத்தைப் பிடித்திருந்ததில் மிச்சம் என்று சொல்ல விரலளவு வேர்கள்தான் இருந்தன. சஜி பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, "இத்ரயும் உண்டாயிருந்நோ" என்று முணுமுணுத்தான். இவ்வளவு இருந்ததா என்று.

இலை ஒன்றுகூட வாடவில்லை. மரம் பச்சைப் பசேலென்று, காய் குலுங்க நின்றது. பார்க்கிற யாரும் அதற்கு ஒரு குறையும் சொல்லமாட்டார்கள்.

அன்று சாயங்காலம் வரை அந்த முற்றத்திலேயே இருந்தேன். கிளைகளில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் காற்றுப் பிடிப்பது குறையும். ஆனால் கழித்த இடத்தில் வருகிற புதுக் கிளைகள் பலமில்லாமல் நீளும், கிழிந்த வேர்கள் உள்ளே அழுகிக்கொண்டே போகும், இந்த மழைக்கு நின்றாலும் அடுத்த மழைக்கு யார் பொறுப்பு? முட்டுக் கொடுக்கலாம் என்றால், முட்டு நிற்கவேண்டிய இடம் மதிலுக்கு அந்தப் பக்கம், பிள்ளைகள் விளையாடும் நடு முற்றத்தில். மேற்கிலிருந்து கம்பி கட்டி இழுக்க, நங்கூரம் போட உறுதியான இடம் இல்லை. அங்கே புது நடைபாதையும் குழாயும்.

மறுநாள் காலையில் குரியன் சாருக்குப் போன் செய்தேன். அவர் நாலு கேள்வி கேட்டார். பள்ளம் மரத்திலிருந்து எவ்வளவு தூரம், வேர் எத்தனை, சாய்வு எவ்வளவு, கீழே யார். பதில் சொன்னேன்.

"சிவகாமி, வெட்டவேண்டாம் என்று நான் சொல்வதற்காகவா கூப்பிட்டாய்?"

அதற்காகத்தான் கூப்பிட்டிருந்தேன்.

"நான் மரத்தைப் பார்க்கவில்லை. பார்த்தவள் நீ" என்றார். என் வீட்டில் எல்லோரையும் விசாரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டார். அவர்மேல் அன்று கோபம் வந்தது. பிறகு யோசித்தால், வேறு என்ன சொல்லியிருந்தாலும் அது என்னைக் குறைத்து மதிப்பதாகத்தான் இருந்திருக்கும்.

முதலில் மதிலுக்கு அந்தப் பக்கம் போய் ஷைலஜாவிடம் விவரத்தைச் சொன்னேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "வெட்டண்டா மேடம். மழை நாள்ல பிள்ளைகளை நான் வெளியே விடமாட்டேன்" என்றாள்.

"மழை பெய்யற அன்னைக்குத்தான் விழும்னு இல்லம்மா. மழை நனைச்ச மண்ணுல, வெயிலடிக்கிற அன்னைக்கும் விழும். எத்தனை பிள்ளைங்க உன்கிட்ட?"

"பதினேழு."

அன்று மத்தியானம் அறிக்கையை எழுதினேன். மரத்தை மழைக்கு முன் வெட்டவேண்டும். காரணம்: சாய்வுக்கு எதிர்ப்பக்கத்தில், நாலடித் தூரத்தில், வீட்டு உரிமையாளரின் சம்மதத்தோடு தோண்டிய குழாய்ப் பள்ளத்தில் தாங்கு வேர்கள் ஏழும் அறுந்தன. ஒன்றரைப் பக்கம்தான் வந்தது.

விஸ்வநாதன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். மூன்று நாள் சவரம் செய்யாத முகம். மரத்தடியில் நின்று வாசித்தேன், மதிலுக்கு அந்தப் பக்கத்துப் பதினேழு பிள்ளைகளைப் பற்றியும் சொன்னேன். அவர் திறந்து கிடந்த பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு ஆகும்னு நான் நினைக்கலை. அவ வந்து இறங்கறப்போ பாத்ரூம் இல்லேன்னா என்ன பண்ணுவான்னு ஒண்ணுதான் என் மண்டைல இருந்தது" என்றார்.

"தெரியும் சார்."

"வெட்டிடலாம். பதினேழு குழந்தேள்னு சொல்றேள், நான் என்ன பேசறது? ஒண்ணு மட்டும் கேக்கறேன். அந்த ஒரு வரி வேண்டாம். நோயின்னு எழுதிடுங்கோ. மரத்துக்கு நோய் வந்துடுத்துன்னா அவ ஏத்துப்பா. நான் பண்ணினேன்னு தெரிஞ்சா..."

அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. பெண்டாட்டிக்காகச் செய்த காரியம். அவருக்காக ஒரு வார்த்தையை மாற்றினால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லாதது போலத்தான் தோன்றியது. ஆனால் அந்தத் தெருவில் இதே ஜாதி மாமரம் இன்னும் மூன்று முற்றத்தில் நின்றது. ஜகதியில் மாமரத்துக்கு நோய் என்று நான் கையெழுத்துப் போட்டால், அந்தக் காகிதம் எத்தனை வீட்டுக்குப் போகும், யார் யார் அதைக் காட்டிக் கோடாரியைத் தூக்குவார்கள் என்று எனக்குத் தெரியும். போதாததற்கு, சஜி அதைப் பார்ப்பான். பள்ளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வேர்களைப் பார்த்தவன். அடுத்த வேலையில் நான் வேலி போட்டால் அதை எதற்காக மதிக்கப் போகிறான்?

"அந்த வரியை எடுக்கமாட்டேன் சார்" என்றேன். "ஆனா டீச்சருக்கு இதை முதல்ல வாசிக்கப்போறது நானா நீங்களாங்கறதை நீங்க முடிவு பண்ணலாம்."

அவர் கையை நீட்டினார். காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் சஜி சொல்லித்தான் தெரியும், அவர் வெட்டச் சொல்லிவிட்டார் என்று. நெய்யாற்றின்கரையிலிருந்து ராஜன் என்கிற மரமேறியை வரவழைத்தேன். மரத்தை மொத்தமாகச் சாய்க்காமல் கயிறு கட்டி, துண்டு துண்டாக இறக்குகிறவர். அவ்வளவு நுணுக்கமான கை இந்த ஜில்லாவில் வேறு இல்லை. மரத்தில் ஏறுவதற்கு முன் அவரும் பள்ளத்தை வந்து பார்த்துவிட்டு, மேற்குப் பக்கத்துக் கிளைகளைக் கடைசியாகத்தான் எடுப்பேன் என்றார். மேற்கில் பாரம் போனால் மரம் தானாகவே கிழக்கே போய்விடும். ஷைலஜா பள்ளிக்கு இரண்டு நாள் விடுமுறை விட்டாள். காய்களை முதலில் பறித்துக் கூடைகளில் கட்டி, பிள்ளைகள் வீடுகளுக்கு அனுப்பினோம். விஸ்வநாதன் இரண்டு நாளும் கேட்டருகே நின்றார். உட்கார நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள், உட்காரவில்லை.

லதா டீச்சர் வீட்டுக்கு வந்து ஐந்து நாள் கழித்து என்னைக் கூப்பிட்டனுப்பினார். புதுக் குளியலறையும் நடைபாதையும் முடிந்திருந்தன. நடைபாதையின் முனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ஒரு காலி நாற்காலி, அதை மறித்து வாக்கர். முற்றம் முழுக்க வெயில். அந்த வீட்டில் நான் அதுவரை அவ்வளவு வெயிலைப் பார்த்ததில்லை. என்னை உட்காரச் சொல்லவில்லை. நானும் நின்றேன்.

"ஆஸ்பத்திரியில அவர் வாசிச்சார். அந்த வரி வந்ததும் குரல் நின்னுடுத்து. மீதியை நான்தான் வாங்கி வாசிச்சேன்" என்றார். "அவர்கிட்ட ரெண்டு நாள் பேசலை. அப்புறம் பேசினேன். அது எங்க விஷயம். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும், நேரா பதில் சொல்லணும்."

"கேளுங்க டீச்சர்."

"வெட்டாம விட்டிருந்தா விழுந்திருக்குமா?"

ஆமாம் என்று சொன்னால் அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். எனக்கும்தான்.

"தெரியாது டீச்சர். நின்னிருந்தாலும் நின்னிருக்கும்."

அவர் முகம் இறுகியது. "தெரியாமலேயா வெட்டச் சொன்னேள்?"

"ஆமா. விழாதுன்னு என்னால எழுதித் தர முடியல. அதுக்குக் கீழே பிள்ளைங்க இருந்தாங்க. அதனால சொன்னேன். இன்னைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன்."

மதிலுக்கு அந்தப் பக்கம் பள்ளி இடைவேளை மணி அடித்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தார்கள். நிழல் இல்லாத முற்றத்தில் யாரோ ஒரு குழந்தை சுடுது, சுடுது என்று மலையாளத்தில் சொல்லிக் குதித்தது. ஷைலஜா எல்லோரையும் சுவரோரம் வரச் சொன்னாள். லதா டீச்சர் தலையைச் சாய்த்து அந்தச் சத்தம் முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு உள்பக்கம் திரும்பி, "ஏன்னா, அந்த மஞ்ச சாமியானா துணி பரண்ல இருக்கோல்லியோ, அதை எடுத்து ஷைலஜாகிட்ட குடுத்துட்டு வாங்கோ. மதில்லேர்ந்து இழுத்துக் கட்டினா குழந்தேளுக்குப் போறும்" என்றார்.

விஸ்வநாதன் பரணுக்கு ஏணி தேடிப் போனார்.

டீச்சர் வாக்கரை ஓரமாகத் தள்ளிவைத்தார். "உக்காருங்கோ" என்றார்.